மிஸ்டர் லாவின் காற்றுக்காகக் காத்திருந்த பகல்

அண்மையில் என் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் காலை ஓர் இளம் தாதி வந்து, என் கையில் சூயிங் கம் ஒன்றை வைத்து, மென்றுகொண்டே இருங்கள், குடல் விழித்துக்கொள்ளும் என்றாள். நான் ஆயுளில் பாதியைச் சத்திர சிகிச்சை வார்டுகளில் தாதியாக நின்று கழித்தவன். எங்கள் காலத்தில் வயிறு வெட்டிய நோயாளிக்குச் சூயிங் கம் கொடுத்தால், கொடுத்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வாங்கி மென்றேன். பிறகு அவள், மழை வருமா என்று கேட்பதுபோல, அந்தக் கேள்வியைக் கேட்டாள். காற்றுப் பிரிந்ததா?

கட்டிலைச் சுற்றி என் மனைவி, மகன், மருமகள், டார்னெய்ட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்த சம்பந்தி எல்லோரும் நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் என் வாயில்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை கேக்கிறாளெல்லே, சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி.

"முதல்ல எல்லாரும் ஒருக்கா வெளியில போய் நில்லுங்கோ" என்றேன்.

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சம்பந்தி கொண்டுவந்த பழக்கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டே போனார். தாதி மட்டும் நகராமல் நின்றாள். அவளையும் போகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏன் அப்படி விரட்டினீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மிஸ்டர் லாவின் கதையைச் சொன்னேன். இதை எழுதித் தாருங்கள், எங்கள் தாதிமாரும் வாசிக்கட்டும் என்றாள். எனக்குத் தமிழில் எழுதினால்தான் கை ஓடும். ஆங்கிலத்தில் மாற்றுவது மகனின் பாடு.

நான் பிறவியிலேயே பயந்தவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலும் பேய்தான். யாழ்ப்பாணத்தில் ஆண் தாதியாகப் படித்த காலத்தில், ஊசி போட்ட நோயாளி நன்றாக நித்திரை கொண்டால்கூட மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். கொழும்பில் சில வருடம் வேலை. பிறகு, வெள்ளைத் தோலுக்கு மட்டும் திறந்திருந்த அவுஸ்திரேலியக் கதவு மற்றவர்களுக்கும் திறந்தபோது, எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தேன். என் படிப்பை இங்கே அப்படியே ஏற்கவில்லை. கொஞ்சக் காலம் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்து, அவர் சரி என்று சொன்னால்தான் பதிவு. அந்த ஒருவர் சிஸ்டர் டொனலி.

சிஸ்டர் டொனலி எங்கள் ஆண்கள் வார்டின் தலைமைத் தாதி. நெடிய மனுசி. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கோபம் கூடக் கூட இன்னும் தாழும். ஆகவே ஏச்சு வாங்குபவன் ஏச்சைக் கேட்பதற்காகக் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலையணை உறையின் வாய் கதவைப் பார்க்கக் கூடாது. இதெல்லாம் அந்தக் காலத்து எல்லாத் தலைமைத் தாதிகளுக்கும் இருந்த பைத்தியம். சிஸ்டருக்கென்று தனியாக ஒரு பைத்தியம் இருந்தது. நோயாளிக்கு எதைச் செய்கிறாயோ அதை முதலில் உனக்குச் செய்துகொள் என்பார். வந்த முதல் வாரமே மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரப்பர் குழாயை என்னை விழுங்க வைத்தார். கண்ணீரும் சளியுமாக நான் இருமிக்கொண்டிருக்க, இனி நோயாளியிடம் 'ஒன்றும் செய்யாது' என்று சொல்ல மாட்டாய்தானே என்றார். உண்மைதான், அதற்குப் பிறகு நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

மிஸ்டர் லாவ் மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீயில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த சீனர். இன்றைக்கு வெரிபீ என்றால் வீடும் வீடும்தான். அன்றைக்குக் கோவாவும் பூக்கோவாவும். இத்தாலியர்களின் தோட்டங்களுக்கு நடுவே அவருடைய சின்னத் தோட்டம். குடல் முறுக்கிக்கொண்டு கறுத்துப்போய் வந்தார். கறுத்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். மேசையில் கிடக்கும்போதே அவருடைய இதயம் தாளம் தப்பி எல்லோரையும் கலங்கடித்தது. மயக்க மருந்து கொடுத்த டொக்டர் வெளியே வந்து, இந்த மனுசனை இன்னொரு முறை என்னிடம் கொண்டுவராதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

தைத்த குடல் சில நாள் வேலை செய்யாமல் கிடப்பது வழக்கம். அதற்குப் பிறகு அசைந்து, காற்றுப் பிரிய வேண்டும். காற்றுப் பிரிந்தால்தான் வாயில் தண்ணீர். மிஸ்டர் லாவுக்கு அந்த நாள் வரவில்லை. வயிறு மத்தளமாக வீங்கியது. ஒவ்வொரு காலையும் அளவு நாடாவால் சுற்றளவு பார்த்தேன். ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கூடியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஆளில்லாத வீட்டுக் கதவில் காதை வைத்த மாதிரி. மூக்குக் குழாயால் பச்சை நீரை நான் உறிஞ்சி எடுக்க, ஒவ்வொரு முறையும் அவர் தலையைச் சாய்த்து நன்றி சொல்வார். அந்த நன்றியைக் கேட்டதும் நாடாவை எடுத்து வயிற்றை இன்னொரு முறை அளப்பேன்.

சத்திர சிகிச்சை நிபுணர் மிஸ்டர் பிரிச்சார்ட். இங்கே நிபுணர்களை டொக்டர் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்கள், மிஸ்டர்தான். அன்று காலை வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, பின்னேரம் வருவேன், காற்றுப் பிரியாவிட்டால் நாளைக் காலை மறுபடி திறக்கிறேன் என்று சொல்லிப் போனார். பக்கத்தில் மிஸிஸ் லாவ் நின்றிருந்தார். சின்ன உருவம், கையெல்லாம் தோட்டத்துக் காய்ப்பு. ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் மிஸ்டர் பிரிச்சார்ட்டின் விரல் காற்றில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டதே, அது அவருக்கு விளங்கியது. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். லிட்டில் பேர்க் தெருச் சீன மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். பையிலிருந்த துவாயை விரித்துக் காட்டினார். கல்லுப்பு, அதோடு மிளகைவிடச் சிறிய, கரும்பச்சையான காய்ந்த காய்கள். மூக்கைத் துளைக்கும் கசப்பு மணம். சட்டியில் போட்டு வறுப்பது, துணியில் கட்டுவது, வயிற்றில் வைப்பது என்று கையால் செய்து காட்டினார். பிறகு விரலால் தன் வயிற்றில் ஒரு சுழி போட்டு, காற்று வெளியே போவதையும் வெட்கத்தோடு காட்டினார்.

எனக்கு இது புதுச் சங்கதியாகத் தெரியவில்லை. உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்காத வீடு எங்கள் ஊரில் உண்டா? ஆனால் தனியாக முடிவெடுக்கப் பயம். அன்று வார்டில் இருந்த டொக்டர் முரளியிடம் போனேன். சென்னையில் படித்தவர், மிஸ்டர் பிரிச்சார்ட்டின் கீழே வேலை. ஆஸ்பத்திரியிலேயே நான் தமிழில் பேசக்கூடியதாக இருந்த ஒரே ஆள் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூலிகை கெடுதல் பண்ணும்னு நான் சொல்லலைங்க சிவபாதம். சூடு வெச்சா வலி குறையும். அதான் என் பயமே. உள்ளே தையல் விட்டுப்போயிருந்தா அதைச் சொல்றதுக்கு வலி ஒண்ணுதான் சாட்சி. நீங்க அந்தச் சாட்சியையே தூங்க வெச்சிட்டா?"

"வலி தூங்கினாலும் நாடி தூங்காதெல்லே, டொக்டர்?"

"ஆமா. ஆனா சூடு வெச்சாலே நாடி கொஞ்சம் ஏறுமே. எது சூட்டால, எது உள்ளே கசியற விஷத்தாலன்னு எப்படிப் பிரிப்பீங்க?"

இருவருமாகச் சிஸ்டரிடம் போனோம். அவர் காய்களைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார். மிஸ்டர் பிரிச்சார்ட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். காயத்திலிருந்து தள்ளி வைப்பதானால் வையுங்கள், நாளைக்கு எப்படியும் திறக்கத்தான் போகிறேன் என்றாராம். ஃபோனை வைத்த சிஸ்டர், மிஸிஸ் லாவை வார்டுக் குசினிக்குள் கூட்டிப் போனார். வெளியாள் ஒருவர் அந்தக் குசினிக்குள் கால் வைத்ததை அன்றுதான் கண்டேன். பால் காய்ச்சும் சட்டியில் உப்பும் காயும் வறுபட்ட மணம் வார்டு முழுக்கப் போனது. நோயாளிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கட்டிய பொட்டலத்தைப் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். ஊரில் பார்க்கிற மாதிரித்தான். சரியான சூடு என்றேன். சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். நான் குனிந்தேன். எங்கே வைக்கப் போகிறாயோ அங்கே வைத்துப் பார், எவ்வளவு நேரம் வைக்கப் போகிறாயோ அவ்வளவு நேரம் வைத்துப் பார் என்றார். துணிகள் அடுக்கும் அறைக்குள் என்னைப் படுக்கச் சொல்லி, சட்டையைத் தூக்கி வயிற்றில் பொட்டலத்தை வைத்து, கதவடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நாடியை எண்ணிக்கொண்டிரு என்றும் சொன்னார்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு சூடு ஊறத் தொடங்கியது. ஒத்தடம் என்றால் ஒத்தி ஒத்தி எடுப்பது. கை எழும்பும்போதெல்லாம் தோல் மூச்சு விடும். என் புறங்கைக்குத் தெரிந்த சூடு அந்தச் சூடு. சீனருடைய பொட்டலமோ எழும்பாமல் ஒரே இடத்தில் கிடப்பது. கொஞ்ச நேரத்தில் என்னால் தாங்க முடியவில்லை. எடுத்துப் பார்த்தால் தோல் சிவந்து கிடந்தது. வெட்டுக் காயத்துக்குப் பக்கத்தில் தோல் மரத்திருக்கும்; மிஸ்டர் லாவ் சுடுகிறது என்று சொல்லியிருக்கவே மாட்டார். சொல்லத் தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், நன்றிதான் சொல்லியிருப்பார்.

கதவுக்கு வெளியே வேறொரு கூத்து. பொட்டலம் என் வயிற்றில் ஏறியதைக் கதவிடுக்கால் கண்ட மிஸிஸ் லாவ் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார். முதல் சூட்டில்தான் மருந்தின் சத்து முழுக்க இருக்குமாம் என்று உடைந்த ஆங்கிலத்தில் கத்தினார். அதைப் புருசனுக்குத் தராமல் திடகாத்திரமான ஒருவன் படுத்துக்கொண்டு அனுபவிக்கிறானே என்று அழுகை. இதற்குள் என் வயிறு கடமுடா என்று உருளத் தொடங்கிவிட்டது. காற்று வாசலுக்கு வந்துவிட்டது. எட்டடி தூரத்தில் சிஸ்டர். பல்லைக் கடித்தேன், கால் விரல்களைச் சுருட்டினேன், உயிரே போனாலும் விடுவதில்லை என்று கிடந்தேன். நாடி ஏறியதையும், பொட்டலத்தை எடுத்ததும் மெல்ல இறங்கியதையும் மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

மிஸிஸ் லாவைச் சமாதானப்படுத்திப் புது உப்பும் புதுக் காயும் போட வைத்தோம். இந்த முறை கீழே மடித்த துவாய். அதற்கு முன் ஒரு கரண்டியை ஐஸ் தண்ணீரிலும் இன்னொன்றை வெந்நீரிலும் தோய்த்து, மிஸ்டர் லாவின் வயிற்றில் மாறி மாறித் தொட்டேன். எங்கே குளிரையும் சூட்டையும் பிரித்துச் சொல்கிறாரோ அங்கே பேனாவால் கோடு. காயம் வலப்பக்கம். அதிலிருந்து நன்றாகத் தள்ளி, தொப்புளுக்கு இடப்பக்கம், கோட்டுக்குள்ளே பொட்டலத்தை வைத்தேன்.

அவருடைய முகம் இளகியது. நெற்றிச் சுருக்கம் போனது. கண் சொருகி நித்திரையானார். பக்கத்துக் கட்டில்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மிஸிஸ் லாவ் முதல் முறையாகக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆனால் முரளி சொன்ன சாட்சி இப்போது தூங்கிவிட்டது. மணிக்கட்டில் விரலை வைத்தபடி நின்றேன். நாடி ஏறியது. இன்னும் ஏறியது. சூடா, விஷமா?

பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், துணியறையில் என் உடம்பில் கண்ட வழி. பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்கக் கை வைத்தேன். மிஸிஸ் லாவ் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் தோட்டக்காரியின் பலம். தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார். புருசன் இத்தனை நாளில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்குகிறார். அந்த நிம்மதியை இவன் ஏன் பிடுங்குகிறான்? அவருக்கு விளக்க என்னிடம் மொழி இல்லை. அவர் பிடியை விடவில்லை, நானும் பொட்டலத்தை விடவில்லை. கடைசியில் அவருடைய மற்றக் கையை எடுத்து, விரல்களைப் புருசனின் நாடியில் வைத்தேன். அவர் அந்தத் துடிப்பை உணர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிடி தளர்ந்தது.

பொட்டலத்தை எடுத்தேன். இருவரும் ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட நேரத்தை நான் கண்டதில்லை. தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன், நல்லூர் முருகன் தொடங்கி ஒருவரையும் விடவில்லை. நாடி தயங்கியது, பிறகு இறங்கத் தொடங்கியது. இறங்கி, பழைய இடத்தில் போய் நின்றது. சூடுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

மறுபடி சூடாக்கி வைத்தோம். எடுத்தோம். திரும்ப வைத்தோம். பின்னேர வெயில் யன்னலால் சாய்ந்து வந்த நேரம் ஸ்டெதஸ்கோப்பில் ஏதோ கேட்டது. அடுத்த வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தது போல மெல்லிய ஒரு கொடகொடப்பு. முரளியைக் கூப்பிட்டேன். அவரும் கேட்டார்.

"சத்தம் இருக்குங்க. ஆனா பாஸ் இதை வெச்சு ஒத்துக்க மாட்டார். அவருக்குக் காத்து பிரியணும்."

ஆகவே காற்றுக்குக் காத்திருந்தோம். தலைமாட்டில் சிஸ்டர், கால்மாட்டில் முரளி, ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் நான். பக்கத்துக் கட்டில்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வார்டே ஒரு மனுசனின் பின்பக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மிஸ்டர் பிரிச்சார்ட் வரும் நேரம் நெருங்கியது. சிஸ்டர் நெஞ்சில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகும் பார்த்தார்.

மிஸ்டர் லாவ் விழித்திருந்தார். முகம் மறுபடி இறுகியிருந்தது. வலிதான் திரும்பிவிட்டது என்று முரளி நினைத்தார். மிஸிஸ் லாவ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடப் பார்த்தார். நான் போர்வையின் மறுமுனையைப் பார்த்தேன். அவருடைய கால் விரல்கள் சுருண்டிருந்தன. உதடு ஒன்றோடு ஒன்று அழுந்தியிருந்தது. சிஸ்டரின் வெள்ளைத் தொப்பியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த விரல்களை எனக்குத் தெரியும். மத்தியானம் துணியறையில் என் கால்களில் இருந்தவை அவைதான்.

"டொக்டர், எல்லாரும் வெளியில போவம்" என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"அந்த மனுசன் அடக்கிக்கொண்டு கிடக்கிறார்."

ஆங்கிலத்தில் அதைச் சிஸ்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முரளிதான் சொன்னார். சிஸ்டர் என்னைப் பார்த்தார், நோயாளியின் கால்களைப் பார்த்தார், முதல் ஆளாக வெளியே நடந்தார். மிஸிஸ் லாவைத் தோளில் பிடித்துக் கூட்டி வந்தேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் ரேடியோவைப் போடச் சொன்னேன். அவர் குதிரைப் பந்தயத்தைச் சத்தமாக வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மிஸ்டர் பிரிச்சார்ட் வந்தார். நேராகத் திரையை நோக்கி நடந்தார். சிஸ்டர் டொனலி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். தாதி ஒருவர் நிபுணரைக் கை நீட்டி மறித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அவர் வாயைத் திறக்க, சிஸ்டர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். மிஸ்டர் பிரிச்சார்ட் குனிந்து காதைக் கொடுத்தார்.

நின்றோம். ரேடியோவில் குதிரைகள் ஓடின. நான் பிழையாகப் பார்த்திருந்தால்? அது வெட்கமில்லை, வலிதான் என்றால்?

பந்தயம் முடிகிற கூச்சலையும் மீறிக்கொண்டு அது வந்தது. நீளமாக, பல நாள் அடைபட்டது திறந்த மாதிரி, முடிந்ததென்று நினைத்த இடத்தில் மறுபடி தொடங்கி. வார்டின் மூலையிலிருந்து யாரோ கைதட்டினார். முரளி சுவரில் சாய்ந்து சிரித்தார். மிஸ்டர் பிரிச்சார்ட் திரைக்குள்ளே போகக்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருக்குத் தேநீர் கொடுக்கலாம் என்று சிஸ்டரிடம் சொன்னார். பிறகு ஒப்பரேஷன் தியேட்டருக்கு ஃபோன் பண்ணி நாளைய கத்தியை நிறுத்தினார்.

உப்பா, அந்தக் காயா, வெறும் சூடா, அல்லது அந்தக் குடலுக்குத் தானாகவே அன்றைக்குத்தான் நேரம் வந்ததா? இதை வாசிக்கிற தாதிப் பிள்ளைகள் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அதற்குப் பிறகும் சிலருக்கு அதை வைத்துப் பார்த்தோம். சிலருக்கு வேலை செய்தது, சிலருக்குச் செய்யவில்லை. ஒருவருக்கு நாடி இறங்கவேயில்லை, ஓடிப்போய்த் திறந்தார்கள், தையல் விட்டுத்தான் இருந்தது. ஆகவே பொட்டலத்தை நம்பி நாடியை விட்டுவிடாதீர்கள்.

அன்று வேலை முடிந்து, மத்தியானம் அடக்கிய காற்று இன்னும் வயிற்றில் கிடக்க, கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது, மிஸிஸ் லாவ் குசினி வாசலில் நின்றார். கையில் பொட்டலம். மறுபடி சூடாக்கியிருந்தார். மிஸ்டர் லாவுக்கு இனி வேண்டியதில்லையே என்று நான் கையை விரித்தேன். அவருக்கில்லை என்று தலையாட்டினார். காலையிலிருந்து என்னையும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போல. என் கோட்டைத் திறந்து, சட்டைக்கு மேலே வயிற்றில் பொட்டலத்தை வைத்து, என் கையை எடுத்து அதன்மேல் அழுத்தினார். தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னார்:

"உனக்கு. இங்கே நிறையப் பயம்."

பிறகு வார்டுக் கதவைத் தள்ளித் திறந்து, நான் வெளியே போகட்டும் என்று தள்ளி நின்று, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.